தெளிவில்லாச் சட்டம், துணையில்லாப் படைப்பாளி

தமிழ்நாட்டின் தனியார் பேருந்துகள் இன்று கைபேசித் திரைகளிலும் ஓடுகின்றன. 2017-இல் வெளியான ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ என்னும் விளையாட்டு, ஆடுபவர்கள் தாங்களே வடிவமைத்த வண்டிகளைச் சேர்த்துக்கொள்ள இடம் தருகிறது. அந்த வசதியைக் கொண்டு தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள இளைஞர்கள் தங்கள் ஊர்ப் பேருந்துகளின் முப்பரிமாண வடிவம், வண்ணப்பூச்சு, ஹாரன் ஒலி ஆகியவற்றை நுணுக்கமாக உருவாக்கி இணையத்தில் பகிர்கிறார்கள். ‘மோட்’ என்று அழைக்கப்படும் இத்தகைய ஆக்கங்கள் பேருந்தோடு நிற்பதில்லை. திரைப்பட நாயகர்கள் பன்னாட்டு விளையாட்டுகளில் பாத்திரங்களாகிறார்கள். திரைப்பாடல்கள் பின்னணி இசையாகின்றன. நாவல்களின் கதைமாந்தர்கள் ரசிகர்களின் சிறு விளையாட்டுகளில் இடம்பெறுகிறார்கள்.

இந்தப் படைப்பூக்கம் வரவேற்கத்தக்கது. ஆனால் இந்த ஆக்கங்களில் பெரும்பாலானவை வேறொருவரின் படைப்பை ஆதாரமாகக் கொண்டவை. அந்த வேறொருவருக்குப் பதிப்புரிமை உண்டு. ஒரு ரசிகர் அதை எந்த அளவுக்குக் கையாளலாம் என்பதை இந்தியச் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. தண்டனையை மட்டும் தெளிவாகச் சொல்கிறது. அனுமதி எங்கே முடிகிறது என்று தெரியாதவருக்குக் குற்றம் எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியாது. ஆபத்து இதுதான்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, தெரிந்தே பதிப்புரிமையை மீறுபவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கிறது. இது பிடியாணை இன்றிக் கைது செய்யக்கூடிய குற்றம், ஜாமீனை உரிமையாகக் கோர முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. திருட்டுக் குறுந்தகடுகளை ஆயிரக்கணக்கில் பதிவு செய்து விற்பவருக்கும், ஓய்வு நேரத்தில் மோட் உருவாக்கிப் பகிரும் கல்லூரி மாணவருக்கும் இந்தப் பிரிவின் சொற்கள் ஒன்றே.

வணிக ஆதாயம் இல்லாத மீறலில், போதிய காரணங்களைப் பதிவு செய்து தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்தச் சலுகை தீர்ப்பின்போதுதான் பயன்படும். அதற்கு முன் புகார், விசாரணை, கைது, கணினி பறிமுதல், வழக்குச் செலவு என ஒவ்வொன்றையும் கடந்தாக வேண்டும். வழக்கின் முடிவில் கிடைக்கும் சலுகை, வழக்கின் தொடக்கத்தில் பாதுகாப்பு ஆகாது.

தற்காப்புக்கு இருக்கும் வழியும் குறுகியது. சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தனிப்பட்ட பயன்பாடு, ஆய்வு, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காகப் பிறர் படைப்பை நியாயமான அளவில் கையாள அனுமதிக்கிறது. கணினி நிரல்களுக்கு அந்த அனுமதி பொருந்தாது என்று அதே பிரிவு சொல்லிவிடுகிறது. வீடியோ கேம் இயங்குவது நிரலால்தான். முறையாகப் பெற்ற நிரலைச் சொந்த, வணிகமல்லாத பயன்பாட்டுக்காகப் படியெடுக்கவும் மாற்றியமைக்கவும் வேறோர் உட்பிரிவு இடம் தருகிறது. ஆனால் மாற்றியதை மற்றவர்களுடன் பகிரும்போது அந்த உட்பிரிவு துணைக்கு வருவதில்லை. மோட் என்பது பகிர்வதற்காகவே உருவாக்கப்படுவது. பகிராதவரை மட்டும் செல்லுபடியாகும் பாதுகாப்பால் அதை உருவாக்குபவருக்குப் பயனில்லை.

2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னொரு கண்ணியையும் சேர்த்தது. படைப்பைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டை, உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பது தனிக் குற்றமானது. அதற்கு இரண்டு ஆண்டுவரை சிறை உண்டு. விளையாட்டின் கோப்புகளைத் திறந்து அதிலுள்ள உருவங்களையும் ஒலிகளையும் வெளியே எடுப்பது மோட் உருவாக்குபவர்களின் அன்றாட வேலை. அந்த வேலையில் எது கற்றல், எது பூட்டுடைப்பு என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மூலம் எதுவாக இருந்தாலும் சிக்கல் ஒரே உரிமையோடு முடிவதில்லை. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தது. கல்கி 1954 டிசம்பரில் காலமானார். ஆசிரியர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் என்னும் இந்தியக் காலவரம்பு 2014-உடன் முடிந்துவிட்டது. அதற்கு முன்பே அவருடைய படைப்புகள் தமிழ்நாட்டில் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. ஆகவே நாவலின் வந்தியத்தேவனையும் நந்தினியையும் பூங்குழலியையும் கொண்டு இந்தியாவில் யாரும் விளையாட்டு உருவாக்கலாம். அதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நந்தினி எப்படித் தோன்ற வேண்டும் என்று முடிவு செய்யும்போது நிலைமை மாறுகிறது. தொடருக்கு முதலில் ஓவியம் தீட்டிய மணியம் 1968-இல் மறைந்தார். ஓவியத்துக்கும் அதே 60 ஆண்டுக் கணக்குதான். அவர் தீட்டிய ஓவியங்களின் உரிமைக்காலம் 2028 முடியும்வரை நீள்கிறது. 2022-இலும் 2023-இலும் இரு பாகங்களாக வந்த திரைப்படத்தின் காட்சிகள், உரையாடல், இசை ஆகியவற்றுக்கு இன்னும் பல பத்தாண்டுகள் உரிமை உண்டு. கதை எல்லோருக்கும் பொது. ஓவியம் பொது அல்ல, திரைப்படம் பொது அல்ல, பாடலும் பொது அல்ல. நாட்டுடைமை என்ற ஒரு சொல்லை நம்பி இவை அனைத்தையும் அள்ளி எடுப்பவர், தம்மை அறியாமலேயே மீறலுக்குள் நுழைகிறார்.

எல்லை கடந்தால் கணக்கும் மாறுகிறது. இலங்கையின் 2003-ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டத்தில் காலவரம்பு ஆசிரியர் மறைவுக்குப் பின் 70 ஆண்டுகள். சென்னையில் உருவாகும் விளையாட்டை யாழ்ப்பாணத்திலும் டொரன்டோவிலும் அதே நாளில் இறக்கிக்கொள்ளலாம். ஒரு நாட்டில் பொதுவாகிவிட்ட படைப்பு இன்னொரு நாட்டில் உரிமைக்குட்பட்டதாகவே இருக்கக்கூடும். இணையம் எல்லையின்றிப் பரவுகிறது. சட்டம் ஒவ்வொரு நாட்டின் எல்லையோடும் நின்றுவிடுகிறது. இந்த இடைவெளியில் சிக்குபவர் வழக்கறிஞர் இல்லாத தனிப் படைப்பாளி.

நீதிமன்றங்கள் சில கோடுகளை வரைந்திருக்கின்றன. கருத்துக்கும் கருப்பொருளுக்கும் வரலாற்றுச் செய்திக்கும் பதிப்புரிமை இல்லை, அவற்றை வெளிப்படுத்திய விதத்துக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் விளக்கியது. சோழர் வரலாறு யாருடைய உடைமையும் அல்ல. மலையாள நாடகமான ‘நிங்களென்னெ கம்யூனிஸ்டாக்கி’க்கு எதிர்வினையாக, அதன் பாத்திரங்களையும் பகுதிகளையும் எடுத்தாண்டு எழுதப்பட்ட எதிர்நாடகத்தை, விமர்சனம் என்ற வகையில் கேரள உயர் நீதிமன்றம் 1996-இல் ஏற்றது. இவை நல்ல முன்னுதாரணங்கள். ஆனால் வழக்கு நடந்த பிறகு கிடைத்த தெளிவு இது. வழக்கு நடத்த வசதி இல்லாதவருக்கு முன்கூட்டியே கிடைக்கும் தெளிவுதான் பயன்படும்.

சட்டம் பேசாத இடத்தில் தவறான நம்பிக்கைகள் பரவிவிட்டன. காசு வாங்கவில்லை என்பதால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். மூலப் படைப்பாளிக்கு நன்றி தெரிவித்தால் போதும் என்று நம்புகிறார்கள். இத்தனை ஆண்டுகளாக யாரும் கேட்கவில்லை, இனியும் கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறார்கள். மூன்றும் பிழை. இலவசம் என்பது அனுமதி அல்ல. நன்றி தெரிவிப்பது அனுமதி அல்ல. உரிமையாளரின் மௌனமும் அனுமதி அல்ல. விளம்பர வருவாயும் நன்கொடையும் சேரும்போது ஆதாயமில்லை என்ற வாதமும் வலுவிழக்கிறது.

அமெரிக்காவில் 1998-இல் முடிவான ஒரு வழக்கு இன்றைக்கும் பாடம். ‘டியூக் நியூகம் 3டி’ விளையாட்டுக்கு ரசிகர்கள் தாங்களே உருவாக்கி இலவசமாகப் பகிர்ந்த 300 ஆட்டக் கட்டங்களை மூன்றாம் தரப்பு ஒன்று திரட்டிக் குறுந்தகடாக விற்றது. அந்தக் கட்டங்கள் மூல விளையாட்டின் கதையை நீட்டிக்கும் வழிப்படைப்புகள், அவற்றை விற்பது மீறல் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. மூல உரிமையாளர் தம் உரிமையைக் காத்துக்கொண்டார். விற்றவர் தோற்றார். அந்த 300 கட்டங்களை உருவாக்கிய ரசிகர்கள் வழக்கில் ஒரு தரப்பாகவே இல்லை.

இந்த நிலைக்கு முதல் காரணம் சட்டம் இயற்றும் அமைப்பின் தாமதம். 1957-ஆம் ஆண்டுச் சட்டம் நூலையும் இசைத்தட்டையும் திரைப்படத்தையும் மனத்தில் கொண்டு எழுந்தது. 2012-இல் அது விரிவாகத் திருத்தப்பட்டபோது இணையம் வளர்ந்திருந்தது, மோட் பண்பாடும் வளர்ந்திருந்தது. ஆயினும் ஒருவர் மற்றொருவரின் படைப்பிலிருந்து வணிக நோக்கமின்றிப் புதியதை உருவாக்குவதற்குத் தனி விதி சேர்க்கப்படவில்லை. அதன் பின் கைபேசி ஒவ்வொன்றும் படைப்புக் கருவியாகிவிட்டது. அந்த விதி இன்னும் வரவில்லை.

இரண்டாவது காரணம் உரிமையாளர்களின் இரட்டை நிலை. ரசிகர் படைப்பு மூல விளையாட்டுக்குச் செலவில்லாத விளம்பரமாக இருக்கும்வரை பலர் பேசாமல் இருக்கிறார்கள். அது பெயர் பெறும் நாளில் எச்சரிக்கைக் கடிதம் வருகிறது. ஏறத்தாழ பத்து ஆண்டு உழைப்பில் உருவான ரசிகர் விளையாட்டுகள் வெளியான சில நாள்களிலேயே பதிவிறக்கப் பக்கங்களிலிருந்து அகற்றப்பட்டிருக்கின்றன. 2016 ஆகஸ்ட்டில் மட்டும் பரவலாக அறியப்பட்ட அத்தகைய இரு விளையாட்டுகள் உண்டு. உரிமையை நிலைநாட்டுவது தவறல்ல. எது கூடும், எது கூடாது என்பதை முதல் நாளிலேயே சொல்லாமல் பத்தாம் ஆண்டில் சொல்வது பொறுப்பாகாது.

மூன்றாவது காரணம் பயன்பாட்டு ஒப்பந்தம். விளையாட்டை நிறுவும்போது பல பக்க ஆங்கில வாசகத்துக்கு ஒரு தொடுதலில் இசைவு பெறப்படுகிறது. ஆடுபவர் உருவாக்கும் அனைத்தின்மீதும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்ற நிபந்தனை சிலவற்றில் இருக்கிறது. எந்த மாற்றமும் கூடாது என்ற நிபந்தனை வேறு சிலவற்றில் இருக்கிறது. படித்துப் புரிந்துகொள்ள முடியாத ஒப்பந்தத்துக்குக் கொடுத்த இசைவை முழு இசைவாகக் கொள்வது நியாயமல்ல.

நான்காவது காரணம் இணையத் தளங்களின் நடைமுறை. புகார் வந்த 36 மணி நேரத்துக்குள் தளம் அதைப் பரிசீலித்துச் செயல்பட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகள் சொல்கின்றன. புகார் செய்தவர் 21 நாள்களுக்குள் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவராவிட்டால் அகற்றியதை மீண்டும் அளிக்கலாம் என்றும் அவை சொல்கின்றன. முதல் பாதி எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் பாதியை அகற்றலுக்கு உள்ளானவருக்குத் தெரிவிக்கும் கடமையைத் தளங்கள் ஏற்க வேண்டும். தானியங்கி மென்பொருள் ஒலியையோ உருவத்தையோ ஒப்பிட்டு நீக்கும் இடங்களில், விளக்கம் கேட்கும் மனிதர் ஒருவராவது இருக்க வேண்டும்.

ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராகச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு ஒரு நிவாரணம் தருகிறது. பதிப்புரிமை வழக்குத் தொடுப்பேன் என்று காரணமின்றி மிரட்டப்பட்டவர், தாம் எதையும் மீறவில்லை என்று அறிவிக்கக் கோரி நீதிமன்றத்தை அணுகலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் சிற்றூரில் இருக்கும் மாணவருக்கு அந்த வழக்கைத் தொடுக்கும் வசதி இல்லை. சட்டம் தந்த நிவாரணம் அவர் கைக்கு எட்டச் சட்ட உதவி அமைப்புகள் முன்வர வேண்டும்.

இந்தத் தலையங்கம் உரிமையாளரின் உரிமையைக் குறைக்கச் சொல்லவில்லை. உரிமையாளர் என்றால் பெரு நிறுவனம் மட்டும் அல்ல. ஓவியரும் இசையமைப்பாளரும் எழுத்தாளரின் குடும்பமும் உரிமையாளர்களே. மோட் உருவாக்குபவரும் உரிமையாளரே. அவர் தாமே வரைந்த வடிவத்துக்கு, பதிவு எதுவும் செய்யாமலேயே, உருவாக்கிய நொடியிலிருந்து பதிப்புரிமை உண்டு. ஒருவர் பல வாரம் உழைத்து உருவாக்கிய பேருந்து வடிவத்தை மற்றொருவர் பெயரை மாற்றி விற்பது திருட்டு. பிறர் உரிமையை மதிக்கும் பழக்கம் தன் உரிமையைக் காக்கவும் தேவை.

பதிப்புரிமைக்கு வெளியேயும் எல்லைகள் உள்ளன. நிறுவனப் பெயரும் சின்னமும் 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின்கீழ் வருகின்றன. நடிகரின் முகத்தையும் குரலையும் அனுமதியின்றி ஆதாயத்துக்குப் பயன்படுத்துவதற்கு நீதிமன்றங்கள் அண்மை ஆண்டுகளில் தடை விதித்துவருகின்றன. படைப்பைச் சிதைத்துத் தன் மதிப்புக்குக் குந்தகம் விளைவிப்பதை எதிர்க்கும் உரிமை, பதிப்புரிமையை விற்றுவிட்ட ஆசிரியருக்கும் 57-ஆவது பிரிவின்கீழ் உண்டு.

இத்தனை தடைகளுக்கு நடுவே ரசிகர் படைப்பைக் காக்க வேண்டிய காரணம் வலுவானது. 1998-இல் வெளிவந்த ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டுக்கு ரசிகர்கள் 1999-இல் உருவாக்கிய மோட்தான் ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’. மறு ஆண்டே அது தனி விளையாட்டாக விற்பனைக்கு வந்தது. ‘வார்கிராஃப்ட் 3’ விளையாட்டுக்கு ரசிகர்கள் வரைந்த ‘டோட்டா’ என்ற களத்திலிருந்து ஒரு முழு விளையாட்டு வகையே பிறந்தது. மூல உரிமையாளர்கள் கருவியையும் அனுமதியையும் தந்ததால் இவை நடந்தன. நிரலும் வடிவமைப்பும் இசைச்சேர்க்கையும் கட்டணமின்றிக் கற்கும் பள்ளி இது. அச்சம் அதை மூடக் கூடாது.

வழி காட்டும் நாடுகள் இருக்கின்றன. கனடா 2012-இல் தன் சட்டத்தைத் திருத்தி, வணிக நோக்கமில்லாத பயனர் படைப்புக்குத் தனி விலக்களித்தது. இயலும் இடத்தில் மூலத்தைக் குறிப்பிட வேண்டும். எடுத்தாளும் படி மீறலானது அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும். மூலப் படைப்பின் சந்தைக்குக் கணிசமான பாதிப்பு கூடாது. இவை அதன் நிபந்தனைகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு ஆணை, மேற்கோள், விமர்சனம், நையாண்டி, பாணித் தழுவல் ஆகியவற்றைப் பதிவேற்றும் பயனரின் உரிமையைக் காக்கிறது. அகற்றல் முடிவுகளை மனிதர்கள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் அது கட்டாயப்படுத்துகிறது. உரிமையாளரையும் ரசிகரையும் ஒருசேரக் காக்க முடியும்.

ஆகவே சட்டம் இயற்றும் அமைப்பு செய்ய வேண்டியவை இரண்டு. வணிகமல்லாத பயனர் படைப்புக்கு, தெளிவான நிபந்தனைகளோடு, தனி விலக்கு வேண்டும். அதில் கணினி விளையாட்டும் அடங்க வேண்டும். ஆதாய நோக்கமில்லாத மீறலைக் குற்றவியல் நடவடிக்கையிலிருந்து நீக்கி, உரிமையியல் வழக்காக மட்டும் வைக்க வேண்டும். அதுவரை காவல் துறையை வழிநடத்தும் அதிகாரம், இத்தகைய புகார்களில் கைதுக்கு முன் ஆதாய நோக்கம் உண்டா என்று ஆராய்வதைக் கட்டாயமாக்க வேண்டும்.

உரிமையாளர்கள் செய்ய வேண்டியது ஒன்று. ரசிகர்கள் எதைப் பயன்படுத்தலாம், எதைப் பயன்படுத்தக் கூடாது, நன்கொடை பெறலாமா, யாரிடம் அனுமதி கேட்பது என்பதைப் ஒரு பக்க அளவில் சுருக்கி, ரசிகர்களின் மொழியில் வெளியிட வேண்டும். தமிழ் விளையாட்டு ரசிகரைச் சந்தையாகக் கருதும் நிறுவனம் அவருக்குத் தமிழில் விதி சொல்லக் கடமைப்பட்டது. திரைப்பட, இசை உரிமையாளர்களுக்கும் இது பொருந்தும்.

மாநில அளவில் பண்பாட்டுக்கும் கல்விக்கும் பொறுப்பான அமைப்புகளுக்கும் பங்கு உண்டு. எழுத்தாளர் குடும்பத்துக்கு நூலுரிமைத் தொகை வழங்கிப் படைப்பைப் பொதுவாக்கும் மரபு தமிழ்நாட்டின் பெருமை. எந்த நூல், எந்தப் பகுதி பொதுவானது, ஓவியமும் அட்டையும் அதில் அடங்குமா என்ற விவரத்தோடு அந்தப் பட்டியல் வெளிவர வேண்டும். கணினி, அனிமேஷன், விளையாட்டு வடிவமைப்புப் பாடத்திட்டங்களில் பதிப்புரிமை ஒரு பாடமாக வேண்டும். கருவியைக் கற்றுக்கொடுத்துவிட்டுச் சட்டத்தைக் கற்றுக்கொடுக்காமல் அனுப்புவது முழுமையான கல்வி ஆகாது.

படைப்பாளிகளின் கடமை குறைந்ததல்ல. தொடங்கும் முன்பே ஒவ்வொரு கூறும் யாருடையது, அவர் இருக்கிறாரா, எப்போது மறைந்தார் என்று பார்க்க வேண்டும். உரிமை உள்ளதற்கு எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் வரலாற்றிலிருந்தும் காலம் முடிந்த படைப்பிலிருந்தும் எடுத்து, உருவத்தையும் இசையையும் தாமே ஆக்க வேண்டும். தம் உழைப்பின் வரைவுகளைத் தேதியோடு பாதுகாக்க வேண்டும். பிறருடைய உழைப்பை விற்கக் கூடாது.

சட்டம் தெளிவாக இல்லாதபோது வலியவர் ஒப்பந்தத்தால் தம்மைக் காத்துக்கொள்கிறார், எளியவர் அச்சத்தால் ஒதுங்குகிறார். உரிமையாளருக்கும் தெளிவு வேண்டும். ரசிகருக்கும் தெளிவு வேண்டும். தளத்துக்கும் காவல் துறைக்கும் தெளிவு வேண்டும். அதைத் தர வேண்டிய முதல் பொறுப்பு சட்டம் இயற்றும் அமைப்புக்கே உரியது. ஒரு மாணவர் கைதான பிறகு கூடும் விவாதம் காலம் கடந்ததாகவே இருக்கும். சட்டத் திருத்தம் அதற்கு முன்பே வர வேண்டும்.